ஓவியம் போலியாகவே இருக்கட்டும், விற்றவர் மோசடிக்காரரா?

கேள்வி: மறைந்த ஓவியர் ஒருவரின் படைப்பு என்று கேலரியில் சான்றிதழோடு ஓவியம் வாங்கினேன். ஓவியரின் குடும்பத்தார் அது அவர் வரைந்ததல்ல என்கிறார்கள். கேலரிக்காரர் பணம் தர மறுத்து, அவமானப்படுத்திப் பேசினார். 'போலி விற்கும் மோசடிக்காரர்' என்று முகநூலில் எழுதினேன். இப்போது அவதூறு நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: அவர் பேசிய பேச்சு வழக்குக்கு உதவாது. பில்லை எடுங்கள். ஓவியர் பெயர் நேரடியாக இருந்தால், சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத சரக்கு என்று சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆவது பிரிவின்படி பணம் கேட்கலாம். 'அவருடையதாகக் கருதப்படுவது', 'அவர் பாணியில்' என்று இருந்தால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

ஆபத்து உங்கள் பதிவில்தான். ஓவியம் போலி என்பது வேறு, விற்றவர் தெரிந்தே ஏமாற்றினார் என்பது வேறு. அவரும் யாரிடமோ ஏமாந்திருக்கலாம். 'மோசடிக்காரர்' என்று எழுதியதால் அவர் மனதில் இருந்ததை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் அவதூறுப் பிரிவு 356இல் உண்மை மட்டும் போதாது, பொதுநன்மையும் இருக்க வேண்டும். கையில் இருப்பதோ குடும்பத்தாரின் வாய்ச்சொல். நீங்கள் நிபுணரைக் கொண்டுவந்தால் கேலரிக்காரரும் ஒருவரைக் கொண்டுவருவார். ரசாயனச் சோதனை பெரும்பாலும் மறுக்கத்தான் பயன்படும்: 1900ஆம் ஆண்டு ஓவியத்தின் மூலப் பூச்சில், அதற்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த டைட்டானியம் வெள்ளை நிறமி இருந்தால் தேதி பொய். பழைய நிறமியே இருந்தால் அந்த ஓவியர்தான் வரைந்தார் என்று ஆகிவிடாது.

பதிவை, கமெண்டுகளோடு முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். பொதுவில் மன்னிப்பு எழுதாதீர்கள், அதுவே ஒப்புதலாகக் காட்டப்படும். ஓவியத்தைச் சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள்; வார்னிஷோடு கையெழுத்தும் கரைந்தால் சாட்சியம் போயிற்று. சட்டகத்தின் பின்புற லேபிளைக்கூடத் தொட வேண்டாம். சந்தேகத்தை மறைத்து வேறொருவருக்கு விற்றால் அதே சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் மோசடிக்காரர் நீங்கள்தான். வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் கோபம் தணிந்ததும் இங்கேதான் வழுக்குகிறார்கள். 'முதலீட்டுக்கு வாங்கினேன்' என்று கடிதத்தில் எழுதினால், வணிக நோக்கம் என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிக்கொள்ள இடமுண்டு.

சமரசம் பேசுங்கள். ஓவியம் அவருக்கு, பணம் உங்களுக்கு, குற்ற ஒப்புதல் இல்லை, அவதூறு நடவடிக்கை இல்லை என எழுத்தில். கிரிமினல் அவதூறு சமரசமாகக்கூடிய குற்றம்தான். பணம் கணக்கில் ஏறிய பிறகே ஓவியத்தைக் கொடுங்கள். அதற்கு முன் இருபுறமும் படமெடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள். நாளை 'நான் விற்றது இதுவல்ல' என்று அவர் சொல்ல இடமிராது.