மடையைத் திறப்பது யார்?

கண்மாய் (ஏரி) பாசனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பாசனப் பிரிவில் பணிசெய்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: போன வருஷம் எங்கள் கண்மாயைத் தூர் வாரி, கரையை உயர்த்தி, மடைக்கு (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) புது ஷட்டரும் போட்டார்கள். இந்த முறை கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) வரை பெருகியது. ஆனாலும் தை பிறந்ததும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்கள் காய்ந்துவிட்டன. தண்ணீர் எங்கே போகிறது ஐயா?
- வாசகர், திருவாடானை வட்டம்

பதில்: எங்கேயும் போகவில்லை தம்பி, மடையை ஒட்டிய தலைமடை வயல்களில் கணுக்கால் அளவு நிற்கிறது. ஷட்டர் மாற்றியதைச் சொன்ன நீங்கள், அதைத் திறந்து மூடுவது யார் என்று எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் மடைக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் திறப்பார். ராத்திரி பூராவும் ஓடும்.

உங்கள் பக்கத்து ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்க்கு 48 மடை என்பார்கள். ஆளில்லாமல் அத்தனை மடையை யார் ஆள்வது? அதற்குத்தான் நீர்ப்பாய்ச்சி இருந்தார். பழைய மடையில் இரண்டு கல்தூண் நிற்கும், அடியில் துவாரம். கண்மாய் நிறைந்திருக்கும்போது முங்கிப் போய் அந்தத் துவாரத்து அடைப்பை எடுப்பார். மூடும்போது கசியாமல் இருக்க வைக்கோலும் களிமண்ணும் திணிப்பார். அப்புறம் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாகவே நடந்து, ஒவ்வொரு வயலுக்கும் வாமடை வெட்டுவார், நிறைந்ததும் அடைப்பார். வயல்காரர் வாய்க்காலில் கை வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. கூலி, அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நெல்லாக அளக்கப்படும்.

பல ஊர்களில் நீர்ப்பாய்ச்சிகள் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில்) சொந்த வயல் இல்லாததால் பங்கீட்டில் சாய்வு இருக்காது என்று ஊர் நம்பியது. அதே ஊர் அவரைச் சமமாக உட்கார வைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கு பஸ் ஏறியதை நான் குறை சொல்ல மாட்டேன். எனவே பழைய ஆளைத் தேடாதீர்கள், அந்த வேலையை மீட்டெடுங்கள். எந்தச் சாதியாக இருந்தாலும் சரி, இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் பேசுங்கள். ஏக்கர் கணக்கில் பணம் பிரியுங்கள். கார்த்திகைக் கடைசியில் கண்மாயில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, யாருக்கு எப்போது பாய்ச்சுவது என்று முறை வையுங்கள். முதல் முறை கடைமடையிலிருந்து தொடங்கட்டும். தலைமடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

கேள்வி: கண்மாயில் தோண்டி வயலுக்கு வண்டல் அடிக்க நினைக்கிறோம். எவ்வளவு ஆழம் தோண்டலாம்?
- வாசகி, காளையார்கோவில்

பதில்: முதலில் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கரையடியில் தோண்டவே கூடாது, கரை பலமிழக்கும். வண்டல் தீர்ந்து அடியில் மணல் தெரிந்தால் நிறுத்துங்கள், அதற்கு மேல் தோண்டினால் தண்ணீர் நிற்காது. இன்னொன்று, பலரும் மறப்பது: மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும். “ஆழமாக வாரிவிட்டோம்” என்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: குடிமராமத்து 2017-இல் வந்த திட்டம்தானே?
- வாசகர், மதுரை

பதில்: அந்தப் பெயரில் அரசு பணம் ஒதுக்கியது அப்போதுதான். ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் வழக்கம் மிகப் பழையது. 1858-இலேயே சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டம் போட்டார்கள்: மராமத்துக்கு வராதவரிடம் கூலியின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம். சட்டம் போட்டுக் கூப்பிடும் நிலை வந்தபோதே வழக்கம் தளர ஆரம்பித்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கினால் இன்னும் ஓர் அடி தண்ணீர் தேக்கலாமே?
- வாசகர், முதுகுளத்தூர்

பதில்: கூடாது. நம் கலுங்கில் வழிவதுதான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மூட்டை அடுக்கினால் அவர்களுக்குத் தண்ணீர் வராது, கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் உள்வாயை ஒட்டிய வயல்கள் மூழ்கும், ஐப்பசி அடைமழையில் கரையும் உடையலாம். ஏற்கெனவே அடுக்கியிருந்தால் கீழூர்க்காரர் ஆள் திரட்டி வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.