பனியில் உறைந்த கப்பல், அலுமினியத் தகட்டில்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் சிட்னியில் வசிக்கிறோம். அண்டார்க்டிகா பயணி ஷாக்கில்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் இரவில் உறைபனிக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் பழைய ஒளிப்படத்தை 60×90 செ.மீ. அளவில் உலோகத் தகட்டில் அச்சிட்டு வாங்க விரும்புகிறோம். இணையக் கடை ஒன்று ‘அருங்காட்சியகத் தரம், உயர் பளபளப்பு’ என்று விளம்பரம் செய்கிறது. மாட்டப்போகும் சுவருக்கு எதிரே பெரிய சன்னல் இருக்கிறது. காகித அச்சைவிடப் பல மடங்கு விலை கொடுப்பது தகுமா?

பதில்: தகும். ஆனால் தகட்டின் அடிப்பூச்சு, பரப்பின் தன்மை, கடைக்காரர் கையில் உள்ள படக் கோப்பு ஆகிய மூன்றையும் நீங்களே கேட்டுத் தெளிந்த பிறகுதான். ‘அருங்காட்சியகத் தரம்’ என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. அதை விலையில் சேர்த்துக் கணக்கிடாதீர்கள்.

பெரும்பாலான உலோக அச்சுகள் பதங்கமாதல் முறையில் செய்யப்படுகின்றன. முதலில் தனித்தாளில் அச்சிடப்படும் சாயம், பாலிமர் பூச்சு உள்ள அலுமினியத் தகட்டின்மேல் வைக்கப்பட்டு ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தப்படும்போது ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்துகொள்கிறது. இந்த முறையில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று இல்லை என்பதால், படத்தில் எங்கெல்லாம் வெண்மை இருக்கிறதோ அங்கெல்லாம் தகட்டின் அடிப்பரப்பே தெரியும். தகட்டில் வெள்ளை அடிப்பூச்சு இருந்தால் பனி பனியாகத் தெரியும். ஒளி ஊடுருவும் பூச்சு மட்டும் இருந்தால் பனி முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளி நிறமாகி, நாம் நகர நகர மாறிக்கொண்டிருக்கும். கார், நகர இரவுக் காட்சி போன்ற படங்களுக்கு அந்த உலோக மினுக்கு அழகுதான். துருவப் படங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே வெள்ளை அடிப்பூச்சு என்பதை ஆர்டரிலேயே எழுத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பளபளப்பு. நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது, அந்தப் பயணத்தின் ஒளிப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி 1915 ஆகஸ்ட் 27 அன்று துருவ இருளில் ஏறத்தாழ 20 ஒளிப்பொடி வெடிப்புகளைக் கொண்டு எடுத்த படம். உறைபனி படிந்த பாய்மரங்களும் கயிறுகளும் கருவானத்தின் முன் எலும்புக்கூடுபோல நிற்பதே அதன் சிறப்பு. அதாவது, படத்தின் பெரும்பகுதி கறுப்பு. கறுப்புப் பகுதி மிகுந்த படத்தை உயர் பளபளப்பில் அச்சிட்டுச் சன்னலுக்கு எதிரே மாட்டினால், பகல் முழுவதும் கப்பலுக்குப் பதிலாக உங்கள் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பளபளப்பில்லாத ‘மேட்’ பரப்பில் கறுப்பின் ஆழம் சற்றுக் குறையும் என்றாலும் உங்கள் சுவருக்கு அதுவே சரி. நேரடி வெயில் படும் இடமானால் வேறு சுவரைப் பாருங்கள். அலுமினியம் துருப்பிடிக்காதே தவிர, சாயம் வெளிறும்.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பல அச்சகங்களில் சாம்பல் நிறம் வண்ணச் சாயங்களைக் கலந்தே உண்டாக்கப்படுவதால், அது சில வேளை பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்ந்து தெரியும்; பகல் வெளிச்சத்தில் சரியாக இருப்பது எல்இடி விளக்கில் மாறக்கூடும். முதலில் சிறிய மாதிரித் தகடு ஒன்றை வாங்கி இரண்டு வெளிச்சத்திலும் பார்த்துவிடுங்கள்.

கோப்பைப் பொறுத்தவரை, அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அளவுக்கு ஏறத்தாழ 3,500×5,300 படப்புள்ளிகள் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சிறு படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கும்போது கயிறுகள் மெழுகுபோல ஆகிவிடும். மேலும், அக்காலத்தில் படம் பதிவான கண்ணாடித் தகடுகளின் வழக்கமான வடிவம் 2:3 விகிதத்தைவிடச் சதுரத்துக்கு நெருக்கமானது. 60×90 என்றால் எங்கேயோ வெட்டியாக வேண்டும். வெட்டிய முன்தோற்றத்தைக் காட்டாத கடையில் பணம் கட்டாதீர்கள். ஹர்லி சிட்னிக்காரர், அவருடைய படங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தின் தொகுப்பிலும் உள்ளன. கடைக்காரரின் முன்தோற்றத்தை அங்குள்ள பிரதியோடு ஒப்பிடுவது உங்களுக்கு எளிது.

கேள்வி: அதே கடை, கப்பலை இழந்தவர்கள் தஞ்சமடைந்த யானைத் தீவில் மீட்புப் படகைக் கண்டு மாலுமிகள் கையசைக்கும் படத்தைச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: அதே அளவில் வேண்டாம். பனியில் சிக்கிக் கப்பல் நொறுங்கிய பின் ஹர்லியும் ஷாக்கில்டனும் பனிமேல் அமர்ந்து, ஏறத்தாழ 120 கண்ணாடித் தகடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நூற்றுக்கணக்கானவற்றை உடைத்துவிட்டார்கள். பெரிய கேமராக்களும் கைவிடப்பட்டதால், அதன் பிறகு எடுக்கப்பட்டவை எல்லாம் சட்டைப்பை அளவுள்ள ஒரு கோடாக் கேமராவில் மூன்றே ஃபிலிம் சுருள்களில் பதிவானவை. அதன் நெகட்டிவ் ஏறத்தாழ 4×6.5 செ.மீ. என்பதால், எந்த அச்சகமும் அதை 90 செ.மீ.க்குக் கூர்மையாக்க முடியாது. 30 செ.மீ. அளவில் அது நன்றாகவே இருக்கும்.

தலைப்பும் தவறு. அது ‘ஜேம்ஸ் கெயர்ட்’ படகு உதவி தேடி அத்தீவிலிருந்து 1916 ஏப்ரல் 24 அன்று புறப்பட்டபோது எடுத்த படம்; பின்னாளில் திருத்தப்பட்டு, ஆகஸ்ட் 30 அன்று நடந்த மீட்பாகக் காட்டப்பட்டது. தெரிந்து வாங்குவதில் குற்றமில்லை. மீட்பின் ஆவணம் என்று சொல்லி விற்பதுதான் தவறு. இணைப்படம் வேண்டுமென்றால், ஸ்காட்டின் அண்டார்க்டிகா பயணத்தின் ஒளிப்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங் 1911 ஜனவரியில் பனிப்பாறைக் குகைக்குள்ளிருந்து அப்பயணத்தின் ‘டெரா நோவா’ கப்பலை எடுத்த படத்தைப் பரிந்துரைப்பேன். கண்ணாடித் தகட்டில் எடுத்தது ஆகையால் பெரிதாக்கினாலும் தாங்கும்.

கேள்வி: ‘உரிமம் பெற்ற பிரதி’ என்று கூடுதல் பணம் கேட்கிறார்கள். ஆர்டரின்பேரில் செய்வதால் திரும்பப் பெற மாட்டோம் என்றும் சொல்கிறார்கள். இது முறையா?

பதில்: ஆஸ்திரேலியாவில் 1955க்கு முன் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. ஆகவே கூடுதல் பணம் நல்ல ஸ்கேன் கோப்புக்காகவா என்று கேளுங்கள். அப்படியானால் கொடுக்கலாம், எந்தக் காப்பகத்தின் கோப்பு என்ற பெயரும் உடன் வர வேண்டும். திரும்பப் பெறுவதைப் பொறுத்தவரை, வாங்கிய பின் மனம் மாறினால் உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் பொருள் பழுதாக இருந்தாலோ, விவரித்தபடி இல்லாவிட்டாலோ, ஆர்டரின்பேரில் செய்தது என்ற காரணத்தைக் காட்டி ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. தகட்டின் மூலைகள்தான் வழியில் முதலில் மடங்குபவை. பெட்டியைப் பிரிக்கும்போதே அவற்றைப் படமெடுத்து, அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.