கண்டேன் என்றால் போதுமா? – பறவைப் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், வெப்பமண்டலத் தீவுகளில் அரிய பறவைகளைக் கண்டவர்கள் அதை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: போர்ட் பிளேயரில் பணிபுரிகிறேன். சிடியா டாப்பில் இருட்டும் நேரத்தில் ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டேன். கிளையில் ஒரு நொடி உருவமும் தெரிந்தது. என்னிடம் நல்ல கேமரா இல்லை. கைப்பேசியில் குரலை மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன். படம் இல்லாமல் இதைப் பதிவு செய்தால் யாராவது மதிப்பார்களா?

பதில்: ஆந்தையைப் பொறுத்தவரை உங்கள் கையில் இருப்பது பெரும்பாலான படங்களைவிட நல்ல சான்று. அந்தமானில் நெருங்கிய உறவுடைய இரண்டு வேட்டை ஆந்தைகள் இருக்கின்றன. அடிப்பகுதி முழுவதும் கரும்பழுப்பாக இருந்தால் ஹியூம் வேட்டை ஆந்தை, வெளிறிய வயிற்றில் செம்பழுப்புக் கோடுகள் ஓடினால் அந்தமான் வேட்டை ஆந்தை என்று நூலில் படித்துக்கொள்வது எளிது. டார்ச் வெளிச்சத்தில் எடுத்த மங்கலான படத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகும், குரலில் மறையாது.

இலங்கையில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் தீபால் வாரக்காகொட என்ற பறவையியலாளர் தாம் அதுவரை கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார். இலங்கைப் பறவைகளின் ஒலிகளை ஆண்டுக்கணக்காகச் சேகரித்து வந்தவர் என்பதால், அது தமக்குத் தெரிந்த எந்த ஆந்தையின் குரலும் அல்ல என்று அவரால் துணிந்து சொல்ல முடிந்தது. ஆனாலும் அதைப் புதிய இனம் என்று அவர் உடனே அறிவித்துவிடவில்லை. அந்தக் குரலுக்குரிய பறவையைச் சிங்கராஜக் காட்டில் அவர் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில்தான். அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனுடன் சேர்ந்து அவர் எழுதிய முறையான விவரணம் 2004இல் வெளிவந்தது. சிங்கராஜக் காட்டைக் காக்கப் போராடிய திலோ ஹாஃப்மனின் பெயர் அந்த ஆந்தையின் அறிவியல் பெயரில் இருக்கிறது. காதுக் கொம்பு இல்லாத, செந்நிறச் சிற்றாந்தை அது. இலங்கையில் 1868க்குப் பிறகு கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு குரல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் ஒலிக்கோப்பை வெட்டாமல், இரைச்சலை நீக்க முயலாமல், பதிவானபடியே பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை பதிவை நிறுத்துவதற்கு முன் நாள், நேரம், இடம், குரல் வந்த திசை, மரத்தில் ஏறத்தாழ எவ்வளவு உயரம் என்பவற்றை உங்கள் வாயாலேயே சொல்லி முடியுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அந்தத் தகவல் ஒலியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கோப்பை, கண்ட பறவைகளைப் பதிவு செய்யும் இணையத்தளமான ஈபேர்டில் (eBird) உங்கள் பட்டியலோடு இணைக்கலாம், சேனோ-காண்டோ ஒலிக்களஞ்சியத்திலும் ஏற்றலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பதிவு செய்த குரலையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு ஆந்தையை வெளியே வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

கேள்வி: சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுற்றுலா போனபோது ஜனவரியில் சீன மடையான் என்ற கொக்கு ஒன்றைப் படம் எடுத்து ஈபேர்டில் ஏற்றினேன். தெளிவான படம். இருந்தும், இனத்தை உறுதியாகச் சொல்ல வேண்டாம் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார். என் சொல்லை நம்பவில்லை என்றுதானே பொருள்?

பதில்: நீங்கள் கண்டதை அவர் மறுக்கவில்லை, உங்கள் படம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுக்குப் பெயர் வையுங்கள் என்றுதான் கேட்கிறார். நம் ஊர் மடையானும் சீன மடையானும் இனப்பெருக்கக் கோலத்தில் எளிதில் பிரித்தறியக்கூடியவை. சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் அடர்ந்த செம்பழுப்பாகவும் முதுகு கருஞ்சாம்பலாகவும் இருக்கும். நம் மடையானுக்குத் தலையும் கழுத்தும் வெளிர்மஞ்சள், முதுகுதான் செந்நிறம். ஆனால் ஜனவரியில் இரண்டுமே பழுப்புக் கோடு போட்ட ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தமானில் இரண்டுமே இருக்கக்கூடும் என்பதால் 'இரண்டில் ஒன்று' என்று குறிப்பதுதான் நேர்மையான பதிவு, அதற்கான வசதியும் ஈபேர்டில் இருக்கிறது. தீவுக்குப் போனால் ஊரில் இல்லாததைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு (எனக்கும் உண்டு, என் பழைய பட்டியல்களில் நானே பின்னர் அடித்த பெயர்கள் பல). ஏப்ரல் மே மாதங்களில் அதே ஈரநிலத்துக்குப் போக முடிந்தால் உங்கள் ஐயம் தீர வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: படத்தில் நாளும் இடமும் தானாகவே பதிவாகிவிடும் இக்காலத்தில், குறிப்பேடு வைத்துக்கொண்டு இடத்திலேயே எழுத வேண்டும் என்று சென்ற இதழில் வற்புறுத்தியிருந்தீர்களே, அது தேவைதானா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: இடப்பெயர் ஒன்று தவறிப்போனதால் என்ன ஆனது என்பதற்குப் போர்னியோவின் கரும்புருவச் சிலம்பன் சாட்சி. 1840களில் கார்ல் ஷ்வானர் என்பவர் சேகரித்த ஒரே ஒரு பாடம் செய்த உடல்தான் உலகிலேயே அந்தப் பறவைக்கு இருந்த சான்று. அதைக் கொண்டு 1850இல் போனபார்ட் என்ற விலங்கியலாளர் பெயர் சூட்டினார். நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் இருந்த அந்த உடலின் சீட்டில் 'ஜாவா' என்று எழுதியிருந்தது. ஷ்வானர் அப்போது போர்னியோவில் அல்லவா இருந்தார் என்று 1895இல் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அந்தப் பறவை வேறொரு தீவின் கணக்கில் கிடந்தது. போர்னியோ என்று தெரிந்த பிறகும், அந்தப் பெருந்தீவில் எந்தக் காடு, எந்த ஆற்றங்கரை என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

2020 அக்டோபரில், போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியில் உள்ள தெற்குக் கலிமந்தானில் உள்ளூர்க்காரர்கள் இருவர் தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பறவையைப் பிடித்து, படம் எடுத்துவிட்டு, விடுவித்தார்கள். படங்களைப் பறவை நோக்குவோரிடம் அனுப்பியபோதுதான் அது 170 ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் காணாத பறவை என்று தெரியவந்தது. இதில் எனக்குப் பிடித்த செய்தி கண்ணைப் பற்றியது. அருங்காட்சியக உடலில் பொருத்தியிருந்தது மஞ்சள் கண்ணாடிக் கண். உயிருள்ள பறவைக்கோ கண்மணியைச் சுற்றிக் கருஞ்சிவப்பு. கண்ணின் நிறமும் காலின் நிறமும் பறவை இறந்தவுடன் மாறத் தொடங்கிவிடும் என்பதால், பிடித்த அன்றே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் ஒழிய அவை பின்னால் வருபவர்களுக்குக் கிடைப்பதில்லை.

தீவுக் கதை அல்ல என்றாலும் இன்னொன்றையும் இங்கே சேர்க்கிறேன். ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, அருங்காட்சியகத்திலிருந்து பிறர் சேகரித்த பறவை உடல்களைத் திருடி, தாமே வேறு இடத்தில் வேறு நாளில் எடுத்ததாகச் சீட்டு எழுதி ஒட்டினார். காட்டுச் சிற்றாந்தையை 1914இல் குஜராத்தில் சேகரித்ததாக அவர் சொன்னது அப்படிப்பட்ட ஒரு பொய். உண்மையில் அது முப்பது ஆண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்தது. அந்தப் பொய்யை வெளிக்கொணர்ந்தவரும் முதல் விடையில் வந்த அதே பமீலா ராஸ்முசன்தான். பொய்ச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய பதிவுகளை மட்டும் பின்தொடர்ந்து சென்ற அவர் குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையை உயிரோடு கண்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைப்பேசி நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளும், உண்மைதான். பறவை தரையில் எப்படி நடந்தது, எதைத் தின்றது, உடன் வேறெந்தப் பறவை இருந்தது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, நீங்கள் எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பவற்றை அது குறித்துக்கொள்ளாது. அறைக்குத் திரும்பிப் படநூலைத் திறப்பதற்கு முன் எழுதுங்கள். நூலைப் பார்த்த பிறகு எழுதினால், கண்டது எது, படித்தது எது என்று உங்களுக்கே தெரியாமல் இரண்டும் கலந்துவிடும்.

கேள்வி: புதிய இனம் என்று உறுதிப்படுத்த ஒரு பறவையைக் கொன்றுதான் ஆக வேண்டுமா? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: விவாதம் ஓயாத கேள்வி. 2015இல் சாலமன் தீவுகளின் குவாடல்கனாலில் மீசை மீன்கொத்தியின் ஆண் பறவையை முதன்முதலாகப் படம் எடுத்த ஆய்வுக்குழு, அதையே அருங்காட்சியகச் சான்றாகக் கொன்று எடுத்துக்கொண்டபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. உடலில்லாமல் மரபணுவையும் உள்ளுறுப்புகளையும் முழுமையாக ஆராய முடியாது என்ற அறிவியலாளர் வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆயினும், எண்ணிக்கை தெரியாத ஒரு தீவுப் பறவையில், இரத்தத் துளியும் இறகும் படமும் குரலும் போதும் என்ற நிலையை முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நம்மைப் போன்ற ஆர்வலர்களுக்கு இந்தத் தடுமாற்றமே இல்லை: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி உரிய அனுமதியில்லாமல் பிடிப்பதே குற்றம்.

கேள்வி: கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பெல் பே கடற்கரையில் மெகாபோட் பறவையின் மண்மேட்டைத் தேடி மூன்று காலைகள் நடந்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. எழுத எதுவும் இல்லை அல்லவா?

பதில்: எழுத நிறைய இருக்கிறது. நிக்கோபார் மெகாபோட் அடைகாப்பதில்லை. மணலையும் இலைச்சருகையும் கடற்கரையோரம் குவித்து, அந்தக் குவியலின் வெப்பத்தில் முட்டையைப் பொரிக்கவிடுகிறது. 2004 ஆழிப்பேரலை முதலில் விழுங்கியது அந்த விளிம்பைத்தான். பின்னர் நடந்த கணக்கெடுப்பில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1990களில் பறவையியலாளர் ஆர். சங்கரன் தீவு தீவாக நடந்து எண்ணி வைத்திருந்தார் என்பதுதான். எங்கே இருந்தது என்பதோடு எங்கே இல்லை என்பதும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இப்படி ஒப்பிட முடியும்.

ஆகவே புறப்பட்ட நேரம், நடந்த தொலைவு, எடுத்துக்கொண்ட நேரம், வழியில் கண்ட எல்லாப் பறவைகளும் என மூன்று நாட்களுக்கும் மூன்று முழுப் பட்டியல்களை ஏற்றுங்கள். காக்கையை விட்டுவிடாதீர்கள். அடுத்த நடையில் மேடு கிடைத்துவிட்டால், தொலைவிலேயே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள்; அதன்மேல் ஏறவோ தோண்டிப் பார்க்கவோ கூடாது. சரியான இடத்தை முகநூலில் போடாமல் வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். முட்டையை எடுப்பவர்களும் முகநூல் படிக்கிறார்கள். பழங்குடியினர் காப்புப் பகுதிக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் எந்தப் பறவைக்காகவும் கால் வைக்காதீர்கள். 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடை செய்கிறது.