18-ம் தேதியே கை காலி, லோன் ஆப்பில் எடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, எங்களுக்கு ஏற்காடு பக்கம் ஒரு கிராமம். சேலத்தில் அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன், மூன்று பேர் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறோம். அப்பா எஸ்டேட் வேலை. ரூம் வாடகையை அவரே கொடுத்துவிடுகிறார், அது போக 5-ம் தேதி 4,500 அனுப்புகிறார். அரசு மாணவர்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டப் பணம் மாதம் 1,000 வருகிறது. மெஸ்ஸுக்கு 2,600 கட்டிவிட்டால் மீதி 2,900 என் கையில், ஆனால் 18-ம் தேதிக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. நண்பர்களிடம் 1,400 கடன் வாங்கிவிட்டேன். போனில் ஒரு லோன் ஆப் 3,000 தருவதாகக் காட்டுகிறது. அதை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா? பெரிதாக எதுவும் வாங்கவில்லை, பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. போன மாத யுபிஐ கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, ஆப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எடுக்காதே. இந்த மாதிரி ஆப்களில் பல, 3,000 என்று காட்டிவிட்டு அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் போடும், திருப்பிக் கட்டும்போது மட்டும் முழுசாகக் கேட்கும், அதுவும் சில நாட்களுக்குள். கட்ட முடியவில்லை என்றால் உன் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அசிங்கமாகச் செய்தி போகும், உன் அப்பாவுக்கும் போகும். கடன் கொடுக்கும் ஆப்கள் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது, வட்டியும் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால் கான்டாக்ட் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் என்றால் அந்த இடத்திலேயே அழித்துவிடு. ஏற்கனவே எடுத்து மிரட்டலில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பயந்து இன்னொரு ஆப்பில் வாங்கி இதை அடைக்காமல், வீட்டில் சொல்லிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். நீ எழுதி அனுப்பியது ரொம்ப நல்ல காரியம், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. 5-ம் தேதியிலிருந்து 18 வரை வெள்ளிக்கிழமை பிரியாணி இரண்டு தடவை 320, ரூம் நண்பன் பிறந்தநாளுக்கு உன் பங்கு 450, இயர்போன் 499, ரீசார்ஜ் 299, ஊருக்குப் போய்வர தங்கைக்கு வாங்கிய தின்பண்டத்தோடு சேர்த்து 150. இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டால் சொல்லிவிடுவாய். ஞாபகம் இல்லாதது மற்ற 31 பேமெண்ட். ஒவ்வொன்றும் 60 ரூபாய்க்குக் கீழே, டீ, தட்டுவடை செட், ஜூஸ், மறுபடி டீ, கூட்டினால் 1,180. பணம் எங்கே போகிறது என்று கேட்டாயே, இங்கேதான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நான் சேலத்தில் படித்தபோதும் சாயங்காலமானால் தட்டுவடை செட் கடை முன்னால்தான் நின்றேன், காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்து இரண்டு தட்டுவடைக்கு நடுவில் அழுத்திக் கொடுத்தால் யாருக்கு மனசு வரும் வேண்டாம் என்று சொல்ல. ஆனால் எனக்கு அப்போது சட்டைப் பையில் நோட்டு இருந்தது, அது குறைவது கைக்கே தெரியும். உனக்கு ஸ்கேன் பண்ணும்போது எதுவும் குறைவதாகத் தெரிவதில்லை, அத்தோடு மாதம் பூராவுக்குமான பணம் 5-ம் தேதியே ஒரே கணக்கில் வந்து நிற்பதால் 2,900 இருக்கிறதே, 15 ரூபாய் டீயில் என்ன ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதனால் இனி நீ மாதக் கணக்கு பார்க்கவே வேண்டாம், வாரக் கணக்கு மட்டும் பார். உன் வீட்டில் வாரக் கூலியை வைத்து உன் அம்மா ஓட்டியிருப்பார், சந்தைக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, அடுத்த கூலி வரும்வரை அவ்வளவுதான். அதே வழி. எப்படி என்று உன் எண்களை வைத்தே சொல்கிறேன்.

தமிழ்ப் புதல்வன் 1,000-ஐ கைச்செலவுக்கு எடுக்காதே. அது படிப்புக்காக வருகிற பணம், இந்தத் தேதிக்கு வந்துவிடும் என்று அதை நம்பி நாளை ஓட்டவும் வேண்டாம். ரீசார்ஜ் 299, ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுக்கு 200, செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்காக மாதம் 150 ஒதுக்கு, ஊருக்குப் போய்வர 150. கிட்டத்தட்ட 800. மீதி 200 எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்பா அனுப்பும் 4,500-ல் மெஸ் போனால் 1,900. நண்பர்கள் கடனுக்கு மாதம் 350, நான்கு மாதத்தில் 1,400-ம் அடைந்துவிடும். கடன் கொடுத்த எல்லோரிடமும் நீயே போய் எந்த மாதம் யாருக்குத் தருகிறாய் என்று தேதியோடு சொல்லிவிடு, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. அவர்களும் உன்னைப் போல வீட்டிலிருந்து வந்த பணத்தில் இருப்பவர்கள்தானே, பீஸ் கட்ட வைத்திருந்ததை உனக்குக் கொடுத்தவன் இருந்தால் அவனுக்கு முதலில் கொடு.

இப்போது 1,550 இருக்கிறது. இதை நான்காகப் பிரிக்காதே, ஐந்தாகப் பிரி. மாதம் நான்கு வாரம் என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம், 28 நாளுக்கு மேல் வரும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் பாதிப் பேர் கடன் வாங்குகிறார்கள். ஐந்தாகப் பிரித்தால் வாரம் 310. ஐந்தாவது பங்கு அந்த இரண்டு மூன்று நாளுக்குப் போக மிஞ்சும், பிறந்தநாள், காய்ச்சல், செருப்பு அறுந்தது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

310 போதுமா என்று கேட்பாய். இதுவரை சின்னச் செலவுக்கே வாரம் 590 போயிருக்கிறது, அதனால் முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். நீ எழுதிய விலைப்படியே பார்த்தால், தினம் ஒரு டீ, வாரம் இரண்டு தட்டுவடை செட், இதற்கு 150 போதும். ஞாயிற்றுக்கிழமை மெஸ் இல்லை என்று எழுதியிருந்தாய், அன்று காலையும் மதியமும் அம்மா உணவகத்துக்குப் போ, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அங்கே சாப்பிடக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ராத்திரிக்கு மட்டும் வெளியே சாப்பிட்டாலும் அன்றைக்கு 70 ரூபாயில் முடியும். மிச்சம் 80, 90. இரண்டு வாரம் சேர்த்தால் ஒரு பிரியாணி வருகிறது. பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை, வாராவாரம் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆக்கு என்கிறேன்.

இதை மனசில் வைத்துக்கொண்டு செய்ய முடியாது, பணத்தையே பிரித்து வைத்தால்தான் முடியும். உன் போனில் இருக்கிற யுபிஐ ஆப்பிலேயே யுபிஐ லைட் இருக்கும், சின்னச் செலவுக்கான தனிப் பர்ஸ் மாதிரி. அதில் 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் போடாமலே போகும். நீ திங்கட்கிழமை காலை 310 மட்டும் போடு. தானாகவே பணம் நிரப்பிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் அணைத்து வை, இல்லாவிட்டால் இத்தனை பேசியதும் வீண். லைட்டில் தீர்ந்த பிறகு ஆப் உன்னிடம் பின் நம்பர் கேட்க ஆரம்பிக்கும். பின் கேட்டால் அந்த வாரம் முடிந்தது என்று அர்த்தம், போனைப் பைக்குள் வைத்துவிடு. கடை வாசலில் நண்பர்கள் நிற்கும்போது இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஆனால் “இந்த வாரக் காசு முடிஞ்சுது மச்சான், திங்கட்கிழமை வரேன்” என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார், ரூமில் இன்னும் ஒருத்தனாவது “எனக்கும்தான்டா” என்பான்.

டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிற மற்ற மாணவர்களுக்கும் ஒன்று: அரசுக் கல்லூரி என்றால் இலவச பஸ் பாஸ் உண்டு, ஆபீசில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த 200-க்கு வருகிறேன். உங்கள் ஏற்காடு எஸ்டேட்டுகளில் காபிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடு பிடித்து பிப்ரவரி வரை போகும், அதை ஒட்டி மிளகு. அதன் பிறகு வேலை குறையும், மழை மாதங்களில் உன் அப்பாவால் 4,500 அனுப்ப முடியாமல் போகலாம், அவர் அதைச் சொல்லாமல் எங்காவது கடன் வாங்கி அனுப்பலாம். இதைத்தான் நான் உன் டீக்கடைக் கணக்கைவிடப் பெரிதாக நினைக்கிறேன். தபால் நிலையத்தில் 500 ரூபாயில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கு, 4 சதவீதம் வட்டி தருகிறார்கள், அதை எந்த யுபிஐ-யோடும் இணைக்காதே. மாதம் 200, கடன் அடைந்த பிறகு அந்த 350-ம் சேர்த்து 550. மழைக்காலத்தில் அப்பா போன் செய்து தயங்கினால், “இந்த மாசம் 3,500 போதும்பா, மீதி என்கிட்ட இருக்கு” என்று நீ சொல்ல முடியும்.

அடுத்த 5-ம் தேதியிலிருந்து ஆரம்பி. ஐந்து வாரக் கணக்கையும் இதே மாதிரி எழுதி அனுப்பு, 310 எங்கே இடித்தது என்று பார்த்து மாற்றிக்கொள்வோம்.