பதில்: தேக்குப் பலகையில் எழுத்துச் சுழி பெயர்ந்து வருகிறது

வணக்கங்க. காட்பாடி வீட்டுக்குப் பெயர்ப்பலகையை சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மெஷின்) வெட்டும்போது ஒரு பக்கம் எழுத்து தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வருகிறது, ‘ண’, ‘ழ’ சுழிகளின் நடு மரம் பெயர்ந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மெஷினைச் சந்தேகப்பட வேண்டாம், முதலில் பலகையைப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது 90 டிகிரி வி-பிட், அதாவது ‘V’ வடிவில் முனை கூம்பிய வெட்டுமுனை. அதில் வெட்டின் அகலம் ஆழத்தைப்போல இரண்டு மடங்கு. பலகை ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் மேடாக இருந்தாலே கோடு ஒரு மில்லிமீட்டர் தடித்துவிடும். வேலூர் வெயிலில் ஷெட்டில் கிடக்கும் பலகை லேசாகவாவது வளையாமல் இருக்காது. அதனால் பலகையை இறுக்கிப் பூட்டி, அதே மெஷினில் அகலமான பிட்டால் மேற்பரப்பைச் சீவிவிடுங்கள். அப்புறம் பலகையைக் கழற்றாமலே வி-பிட் மாட்டி, சீவிய பரப்பில் இசட் பூஜ்யம் (ஆழத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) வையுங்கள்.

60 டிகிரி பிட்டுக்கு மாறச் சொல்பவர்கள் உண்டு. தடிமன் வித்தியாசம் குறையும், உண்மைதான். ஆனால் 12 மில்லிமீட்டர் கோட்டுக்கு 6 மில்லிமீட்டர் இறங்கிய பிட் இப்போது 10.4 வரை இறங்கும். சுழியின் நடு மரம் குச்சி மாதிரி செங்குத்தாக நின்று இன்னும் சுலபமாக உடையும். தமிழ் எழுத்துக்கு 90-தான் என் தேர்வு.

வெட்டும் முன் சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள், நார் பிய்வது குறையும். கடைசி 0.3 மில்லிமீட்டரைத் தனியாக, கூர்மையான பிட்டால் எடுங்கள். அப்படியும் நடு மரம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவாக வந்தால் டிசைனில் அந்தச் சுழியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள்.