கூடங்குளமும் ஒனகாவாவும்

அன்புள்ள சார்,

அணுமின்சாரம் வேண்டும் என்று சென்ற வாரம் எழுதினீர்கள். அதே கட்டுரையில், கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் கேட்டதும் நியாயம் என்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது ஒரே ஒருவரைத்தான். நிலக்கரிப் புகையால் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. நான் பொறியாளன். அந்தப் போராட்டம் அறியாமையால் வந்த பயம் என்றே நினைக்கிறேன்.

மு., நாகர்கோவில்

அன்புள்ள மு.,

உங்கள் கணக்கில் தவறில்லை. ஒரு டெராவாட் மணி, அதாவது நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியால் ஏறத்தாழ 25 பேர் இறக்கிறார்கள், அணுவால் 0.03 என்று ஒரு மதிப்பீடு உண்டு. செர்னோபில், ஃபுகுஷிமா விபத்துகளையும் சேர்த்துத்தான் இந்த எண். நெய்வேலியில் 2020 ஜூலை 1 அன்று கொதிகலன் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு மாதம் முன்பு அதே அனல்மின் நிலையத்தில் இன்னொரு வெடிப்பு. அதற்காக யாரும் நெய்வேலியை மூடச் சொல்லவில்லை. முப்பந்தல் காற்றாலைகளும் ஆடியில் சுழல்வதுபோல் கார்த்திகையில் சுழலாது. இரவு பகல் பார்க்காமல் ஆயிரம் மெகாவாட் தரும் ஓர் உலை அப்போது பெரிய வசதி.

ஆனால் 'ஒருவர்' என்பதோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஃபுகுஷிமா விபத்தால் ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டுப் போனார்கள். அந்த மாகாணத்தில் அலைச்சலிலும் பராமரிப்பு கெட்டும் இறந்ததாகப் பதிவானவர்கள் 2,000க்கும் மேல், பெரும்பாலும் முதியவர்கள். அத்தனை பேரை வெளியேற்றியதே தவறு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சரி, இருக்கலாம். அதை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டியது யார்?

ஒனகாவாவைப் பாருங்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின் மையத்துக்கு ஃபுகுஷிமாவைவிட அருகில் இருந்த ஜப்பானிய அணுமின் நிலையம். அங்கேயும் 13 மீட்டர் அளவுக்கு அலை வந்தது. மூன்று உலைகளும் பத்திரமாக நின்றன. வீடிழந்த ஊர்க்காரர்கள் தஞ்சம் புகுந்ததே அந்த வளாகத்தில்தான்! யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், 869ஆம் ஆண்டு வந்த ஜோகன் சுனாமியை மனதில் வைத்து, இவ்வளவு எதற்கு என்று மற்றவர்கள் கேட்டும் விடாமல் 14.8 மீட்டர் உயரத்தில் கட்ட வைத்தார். விபத்து நடந்த ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்திலோ முப்பது மீட்டருக்கும் உயரமான மேட்டை வெட்டிப் பத்து மீட்டருக்கு இறக்கினார்கள். 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று 2008இல் அதை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் சொந்தக் கணக்கே சொன்னது. இன்னும் ஆராயலாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

நிலநடுக்கத்தில் டாயிச்சியின் உலை தானாக நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். நின்ற நொடியிலும் முழுச் சூட்டில் ஆறேழு சதவீதம் வந்துகொண்டிருக்கும், விறகை இழுத்த பிறகும் அடுப்பில் தணல் கிடப்பதுபோல. அதைக் குளிர்விக்கும் பம்புக்கு மின்சாரம் வேண்டும். டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் மூழ்கிவிட்டன. இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த குழு 2012இல் எழுதியது. கண்காணிக்க வேண்டியவர்கள் கம்பெனியின் போக்குக்கு வளைந்துபோனதையும் சேர்த்தே எழுதியது.

அதனால்தான் உலையின் வடிவத்தைவிட, கெட்ட செய்தி வந்தால் அதை நடத்துகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை முதலில் பார்க்கிறேன். கூடங்குளத்தின் ரஷ்ய விவிஇஆர்-1000 உலை டாயிச்சியைவிட மேலான வடிவம்தான். மின்சாரம் இல்லாமலே காற்றால் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு, எரிபொருள் உருகினால் பிடித்துக்கொள்ளும் அமைப்பும் உண்டு. ஆனால் போராட்டம் நடந்த அந்த 2012இல், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு விதி வகுக்கும் அதிகாரம்கூட இல்லை என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. வாரியம் அப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறைச் செயலாளர். உலையை நடத்தும் நிறுவனமும் அதே துறைக்குக் கீழே. தனிக் கண்காணிப்பு அமைப்புக்காக 2011இல் வந்த மசோதா சட்டமாகாமலே காலாவதியானது.

கூடங்குளத்தின் பாதுகாப்பு அறிக்கையைக் காட்டுங்கள் என்று போராடியவர்கள் கேட்டார்கள். கொடுக்கச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகும் நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. கேட்ட ஊரில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. உலையை அனுமதித்த உச்ச நீதிமன்றமே 2013 தீர்ப்பில் 15 நிபந்தனைகளை விதித்து, மக்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலச் சொன்னது. இதையெல்லாம் அறியாமை என்ற ஒரு சொல்லில் அடக்க என்னால் முடியவில்லை. அறிக்கையைப் பூட்டி வைத்தவர்கள் அல்லவா அறியாமையை வளர்த்தது?

கூடங்குளத்தில் மூன்றாவது உலை முதல் ஆறாவது வரை கட்டுவதை நான் எதிர்க்கப்போவதில்லை. பாதுகாப்பு அறிக்கையைத் தமிழில் பஞ்சாயத்து அலுவலகத்தில் வை, வெளியேற்ற ஒத்திகையை ஊரைச் சேர்த்துக்கொண்டு நடத்து என்று யாராவது மனு கொண்டுவந்தால் அதிலும் கையெழுத்துப் போடுவேன். உங்களைப் போன்ற பொறியாளர்கள் அந்த மனுவை எழுதினால் இன்னும் நல்லது.