3,500 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும் வண்டியில் 1,500 கிலோ டிரெய்லரை மாட்டலாமா?

கையேட்டை மட்டும் நம்பி மாட்டாதீர்கள். வண்டியின் பின்னால் பொருத்தும் கொக்கிச் சட்டம், அதன்மேல் நிற்கும் இரும்பு உருண்டை, அந்த உருண்டையைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளர், இரண்டையும் பிணைக்கும் சங்கிலி எல்லாவற்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அவற்றில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு. 1,500 என்று நீங்கள் சொல்வது வெறும் டிரெய்லரின் எடையாகத்தான் இருக்கும். மேலே ஏற்றும் சுமையையும் கூட்டுங்கள்.

நான் பொறியாளன் அல்லன். சிங்கப்பூரில் மரம் வெட்டும் நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகள் லாரி ஓட்டியவன். ஒருமுறை, லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், கிளை அரைக்கும் அமெரிக்க எந்திரம் ஒன்று வந்தது. அதன் கப்ளர் 2 அங்குல உருண்டைக்கானது, அதாவது 50.8 மி.மீ. எங்கள் லாரியில் இருந்ததோ 50 மி.மீ. உருண்டை. "ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, இதற்கா புது உருண்டை அண்ணே?" என்றார் ஸ்டோர்க்காரர். கப்ளரின் தாழ்ப்பாளும் 'டக்'கென்று விழுந்துவிட்டது. நானும் பேசாமல் ஏறிவிட்டேன்.

லிம் சூ காங் பகுதியில் தூங்குமூஞ்சி மரக்கிளைகளை அரைத்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் கிடங்கு வாசல் வேகத்தடையில் 'டங்' என்று ஓர் அடி. இறங்கிப் பார்த்தால் கப்ளர் உருண்டையைவிட்டு எழும்பிக் கழன்றிருந்தது. அடியில் குறுக்காக மாட்டியிருந்த இரண்டு சங்கிலிகள்தாம் எந்திரத்தின் மூக்கை, அதாவது கப்ளர் இருக்கும் முன்நுனியை, தொட்டில்போல ஏந்தியிருந்தன.

0.8 மில்லிமீட்டரில் கழன்றுவிடுமா என்று யாராவது கேட்பீர்கள். அது மட்டும் காரணமில்லை. ரம்பங்களையும் டீசல் கேன்களையும் எந்திரத்தின் பின்பக்கம் கட்டியிருந்ததால் மூக்கு லேசாகிவிட்டது. மூட்டை நிறுக்கும் தராசை மூக்குச் சக்கரத்தின் கீழ் வைத்தபோது 60 கிலோதான் காட்டியது. அமெரிக்கக் கணக்குப்படி மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும். அந்த 1,500 கிலோ எந்திரத்துக்குக் குறைந்தது 150. அந்த மூக்குச் சுமைக்கும் உங்கள் வண்டியில் தனி வரம்பு இருக்கும், பாருங்கள்.

அறிக்கையில் 'ஓட்டுநர் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். ஸ்டோர் பற்றி ஒரு வரி இல்லை. கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எந்திரத்துக்கு இரண்டு சங்கிலி போட்டிருந்த அதே லாரியின் பின்தட்டில் ஆறு தம்பிகள் உட்கார்ந்து வந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெல்ட் கிடையாது. சட்டப்படி அது தேவையும் இல்லையாம்.

கடைக்குப் போகும்போது கப்ளரில் பொறித்திருக்கும் எண்களைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். உருண்டையின் தலையிலும் விட்டமும் எடையும் பொறித்திருக்கும். தேய்ந்து படிக்க முடியாத பழைய உருண்டையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.